நான்சென் விட்டுவிட்டுப் போன கப்பல்

செவ்வாய், ஓஸ்லோ

ஃப்ராம் கப்பலுக்குள் ஏறி, குனிந்து, நிமிர்ந்து, இரண்டு இடத்தில் தலையை இடித்துக்கொண்டு இறங்கி வந்து, இப்போது அருங்காட்சியகத்துக் காபிக்கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். காபி விலையை மட்டும் கேட்காதீர்கள்.

நார்வே வருகிறவர்கள் மலையிடுக்குக் கடலைப் பார்க்க வருவார்கள், இல்லையென்றால் குளிர்காலத்தில் வானத்துப் பச்சை ஒளியைப் பார்க்க வருவார்கள். நான் வந்தது அந்தக் கப்பலில் வடதுருவம் நோக்கிப் போன ஃப்ரிட்யோஃப் நான்சென் என்கிற ஒருத்தருக்காக. 1861இல் இந்த ஊருக்குப் பக்கத்தில் பிறந்தவர், படித்தது விலங்கியல், முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது நரம்பு மண்டலம். அந்த ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வை 1888இல் முடித்துவிட்டு, சில நாட்களிலேயே ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு பனிச்சறுக்குக் கட்டைகளோடு கிரீன்லாந்தைக் குறுக்காகக் கடக்கக் கிளம்பிவிட்டார். அதுவரை யாரும் கடந்ததில்லை. அந்தக் கதை அப்புறம்.

ஃப்ராம் கதைக்கு முன்கதை ஒன்று உண்டு. ஜானெட் என்ற அமெரிக்கக் கப்பல் 1881இல் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நசுங்கி மூழ்கியது. மூன்று வருடம் கழித்து அதன் சாமான்கள் சில கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில், மிதக்கும் பனியோடு வந்து ஒதுங்கின. நார்வேயின் வானிலை அறிஞர் ஹென்ரிக் மோன், வடதுருவக் கடலின் குறுக்கே ஒரு நீரோட்டம் இருக்க வேண்டும், இல்லையென்றால் அவை இங்கே வந்திருக்க முடியாது என்றார். அதைப் படித்த நான்சென் யோசித்தது அடுத்த படி: உடைந்த சாமான்கள் வரலாம் என்றால் உடையாத கப்பலும் வரலாமே? சைபீரியப் பக்கம் போய் வேண்டுமென்றே பனியில் மாட்டிக்கொள்வது, பிறகு பனி எங்கே இழுத்துக்கொண்டு போகிறதோ அங்கே போவது, அவ்வளவுதான் திட்டம். லண்டனில் இதை விளக்கியபோது துருவம் போய் வந்த பெரிய தலைகள் பலரும் நடக்காது என்றார்கள். அமெரிக்கர் கிரீலி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் திட்டம் என்று எழுதினார், அவர் தன் ஆட்களில் பெரும்பாலோரை ஆர்க்டிக்கில் பறிகொடுத்தவர், அதனால் அவர் சொன்னதைச் சும்மா தள்ளிவிடவும் முடியாது.

அதற்கு லார்விக் ஊரின் கோலின் ஆர்ச்சர் கட்டிய பதில்தான் இந்தக் கப்பல். 39 மீட்டர் நீளம், 11 மீட்டர் அகலம், பக்கச் சுவர் முக்கால் மீட்டர் கனத்தில் மரம், முகப்பில் அதைவிடவும் கூடுதல். அடிப்பக்கம் பாதித் தேங்காய் ஓடு மாதிரி உருண்டை, பனி இரண்டு பக்கமும் நெருக்கினால் பிடி கிடைக்காமல் கப்பல் மேலே எழும்பிவிடும். சுக்கானையும் உந்துவிசிறியையும் கூட பனி கடிக்காதபடி மேலே தூக்கி உள்ளே வைத்துக்கொள்ளலாம். கடலில் ஓட்டுவதற்கு இது மகா மோசமான கப்பல், எல்லாப் பக்கமும் உருளும், மாலுமிகள் சபித்திருக்கிறார்கள். ஆனால் கட்டியது ஓட்டுவதற்கு இல்லை, நிற்பதற்கு. நடுவில் ஒரு பொது அறை, அதைச் சுற்றிச் சின்னச் சின்ன உறக்க அறைகள், சுவர்களுக்குள் கம்பளி, கார்க், மான் முடி என்று அடுக்கடுக்காகக் குளிர்காப்பு. மேல்தளத்தில் காற்றாலை வைத்து மின்விளக்கு எரித்திருக்கிறார்கள், வருடம் 1893 என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் அந்தப் பொது அறையில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு நெஞ்சில் நின்றது கருவிகள். பதின்மூன்று பேர், கிட்டத்தட்ட மூன்று வருடம், நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை வெப்பநிலை, காற்றழுத்தம், காற்றின் திசை என்று குறித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பொறுப்பு ஸ்காட் ஹான்சென் என்ற இளம் கடற்படை அதிகாரிக்கு. நடுராத்திரி, மைனஸ் நாற்பது, யாரும் பார்க்கப்போவதில்லை, இருந்தும் விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்து எழுதியாக வேண்டும். துருவக் கடல் ஆழமில்லாதது என்று நம்பி நான்சென் கொண்டுபோன ஆழக்கயிறு தரையைத் தொடவே இல்லை, உடனே எஃகு வடம் ஒன்றைப் புரிபுரியாகப் பிரித்து, பனியின் மேல் நின்று நீளக் கயிறாக முறுக்கி மறுபடி இறக்கினார்கள். மூவாயிரம் மீட்டருக்கும் கீழே போனது. பூமியின் உச்சியில் இருப்பது ஆழ்கடல் என்று உலகத்துக்குத் தெரிந்தது அந்தக் கயிறால்தான்.

இவ்வளவையும் தொடங்கிவைத்த மனிதர் 1895 மார்ச் 14 அன்று கப்பலை விட்டு இறங்கிப் போய்விட்டார். கப்பல் துருவத்துக்கு நேராகப் போகாது என்று தெரிந்ததும் யால்மார் யோஹான்சென், 28 நாய்கள், மூன்று சறுக்குவண்டி, இரண்டு கயாக் படகுகளோடு துருவத்தை நோக்கி நடந்தார். உலகம் கொண்டாடுவது அந்த நடையை. என் கட்சி வேறு, அதைச் சொல்லத்தான் இந்தத் தொடர்: நான்சென் செய்ததிலேயே பெரிய காரியம் அவர் விட்டுவிட்டுப் போன அந்தச் சலிப்பான வேலைதான்.

புதன், ஓஸ்லோ

இன்று நான்சென் வீடு. போல்ஹொக்டா என்று பெயர், நகரத்துக்கு மேற்கே லீசாக்கர் பக்கம், பேருந்தில் போய்ச் சிறிது நடக்க வேண்டும். இப்போது அவர் பெயரில் ஓர் ஆய்வு நிறுவனம் அங்கே நடக்கிறது, அதனால் உள்ளே சும்மா நுழைய முடியாது. நான் தோட்டத்தோடு திருப்திப்பட்டுக்கொண்டேன். அவர் 1930 மே 13 அன்று இந்த வீட்டின் பால்கனியில் இறந்தார், சாம்பல் இந்தத் தோட்டத்தில் ஒரு மரத்தடியில் இருக்கிறது. அலங்காரம் எதுவும் கிடையாது. தேடினால்தான் தெரியும்.

வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதை அவர் கட்டிக் குடிவந்து சில வருடங்களிலேயே நாட்டுக்காக லண்டனில் தூதராக இருக்கப் போய்விட்டார். 1907 டிசம்பரில் மனைவி ஏவாவுக்கு உடம்பு முடியவில்லை என்று செய்தி வர, கிளம்பி ஹாம்பர்க் வந்து சேர்ந்தபோது அவர் இறந்துவிட்ட தகவல் காத்திருந்தது. ஏவா நல்ல பாடகி, அந்தக் காலத்திலேயே பனிச்சறுக்கில் கணவனோடு மலை ஏறியவர். ஃப்ராம் கிளம்பியபோது பிறந்து சில மாதங்களே ஆன பெண் குழந்தையோடு மூன்று வருடம் காத்திருந்தவர். வீர வரலாறுகளில் காத்திருப்பவர்களுக்கு ஒரு பத்திதான் கிடைக்கும், நானும் அதையேதான் தருகிறேன், என்ன செய்ய.

இரவு தங்கியது யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் வீட்டில். எண்பதுகளில் இங்கே வந்தவர், என்னைவிட மூத்தவர், முதல் சில வருடம் வடகோடியில் மீன் ஃபாக்டரியில் வேலை பார்த்தவர். இடியப்பமும் சொதியும் வைத்துக்கொண்டு ஃப்ராம் கப்பலைப் பற்றி நான் அளந்துகொண்டிருந்தேன், கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, உந்தக் கப்பலை விடும். அந்த மனுசன் எங்களுக்குச் செய்தது வேறை" என்றார்.

அவர் சொன்னது நான்சென் பாஸ்போர்ட்டை. முதல் உலகப் போர் முடிந்ததும் நாடுகளின் சங்கம் நான்சென்னிடம் போர்க்கைதிகளை ஊர் சேர்க்கும் வேலையைக் கொடுத்தது, நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்தார். அடுத்தது ரஷ்ய அகதிகள். சோவியத் அரசு 1921இல் வெளியேறியவர்களின் குடியுரிமையைப் பறித்துவிட, லட்சக்கணக்கானவர்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நின்றார்கள். பத்திரம் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது, எல்லை தாண்டாமல் வேலை இல்லை. 1922இல் ஜெனீவாவில் அரசுகளை உட்காரவைத்து ஒரு காகிதத்துக்கு ஒப்புக்கொள்ளவைத்தார், அந்த வருடமே நோபல் அமைதிப் பரிசும் வந்தது. பிறகு ஆர்மீனியர்களுக்கும் அந்தக் காகிதம் கிடைத்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றன. இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி, ஓவியர் ஷகால் எல்லோரும் அதை வைத்துத்தான் நடமாடினார்கள். 1951 அகதிகள் உடன்படிக்கையின் பயணப் பத்திரம் அதன் வாரிசு.

நண்பர் அலமாரியைத் திறந்து தன்னுடைய பழைய பத்திரத்தை எடுத்துக் காட்டினார். காலாவதியாகி எத்தனையோ வருடம், வைத்திருக்கிறார். "இலங்கையைத் தவிர எல்லா நாட்டுக்கும் போகலாம் எண்டு போட்டிருக்குது, பாரும். அம்மா செத்த வீட்டுக்குப் போகேலாது, ஆனால் பாரிசுக்குப் போகலாம்." சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சொதி ஊற்றினார்.

படிவம், முத்திரை, பட்டியல், கையெழுத்து. அறுபது வயதை எட்டிக்கொண்டிருந்த நான்சென் கடைசிப் பத்து வருடம் செய்தது இந்த வேலையைத்தான், இதை மட்டும் அவர் பாதியில் விட்டுவிட்டு நடக்கவில்லை.

வியாழன், ட்ரொம்சோ

காலை விமானம். துறைமுகத்தில் பழைய சுங்கக் கிடங்கு ஒன்றில் துருவ அருங்காட்சியகம் இருக்கிறது, சிவப்பு மரக்கட்டடம். உள்ளே கரடி வேட்டை, சீல் வேட்டை, பதப்படுத்திய விலங்குகள் என்று கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும், குழந்தைகளோடு போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊரில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. 2019 செப்டம்பரில் ஜெர்மன் ஆய்வுக் கப்பல் போலார்ஸ்டெர்ன் இங்கிருந்துதான் கிளம்பியது. மொசைக் பயணம் என்று பெயர், தலைவர் மார்க்குஸ் ரெக்ஸ். நான்சென் செய்ததையே வேண்டுமென்றே மறுபடி செய்தார்கள்: பனியில் உறைந்து நிற்பது, அளப்பது, எழுதுவது. அதற்கு முன்னால் தாரா என்ற பாய்மரக் கப்பல் 2006இல் பனியில் மாட்டிக்கொண்டு ஒன்றரை வருடத்துக்குள் வெளியே வந்துவிட்டது, ஃப்ராமுக்கு ஏறக்குறைய மூன்று வருடம் ஆனது. பனி மெலிந்துபோய் வேகமாக நகர்கிறது. அதைச் சொல்ல முடிவதே பழைய கணக்கு கையில் இருப்பதால்தான், அன்றைக்குத் தூக்கக் கலக்கத்தில் யாராவது ராத்திரி இரண்டு மணி அளவைக் கற்பனையாக எழுதியிருந்தால் இன்று ஒப்பிட எதுவும் இல்லை.

அந்தக் கணக்கிலிருந்து வந்தவை கொஞ்சநஞ்சம் இல்லை. காற்று வீசும் திசையில் பனி போகாமல் வலப்பக்கம் இருபது, நாற்பது டிகிரி விலகிப் போவதை நான்சென் கவனித்தார், பூமி சுழல்வதுதான் காரணம் என்று ஊகித்தார், ஸ்வீடன்காரர் ஏக்மன் அதைக் கணிதமாக்கினார். இன்று கடலியல் படிக்கிற எந்தப் பிள்ளையும், ஆழம் போகப் போக நீரோட்டம் திசை திரும்புவதைச் சொல்லும் ஏக்மன் சுருளைத் தாண்டிப் போக முடியாது. குளிர்ந்த மேல்நீருக்கு அடியில், இருநூறு மீட்டருக்குக் கீழே அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான அடுக்கு ஒன்று இருப்பதும் அந்தக் கயிற்றில் தெரிந்ததுதான். ஆழத்து நீரை அப்படியே பிடித்து மேலே கொண்டுவரப் பிற்பாடு அவர் உருவாக்கிய உலோகக் குடுவையை நான்சென் குடுவை என்றே சொல்வார்கள், ஆராய்ச்சிக் கப்பல்களில் பல பத்தாண்டுகள் அதுதான் ஓடியது.

நம்மூர்க்காரர்கள் இதில் இருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் இருக்கிறது. அதன் அருகே கடலுக்குள் 2014இல் இண்டார்க் என்ற அளவீட்டுத் தொகுப்பை நட்டார்கள், அதை வடிவமைத்ததில் பள்ளிக்கரணை தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. சுமார் 190 மீட்டர் ஆழத்தில் நின்றுகொண்டு பல மட்டங்களில் வெப்பமும் உப்பும் அளந்துகொண்டிருந்தது. வேளச்சேரி போக்குவரத்து நெரிசலில் நிற்கும்போது நினைத்துக்கொள்ளலாம்.

மாலையில் கரையோரக் கப்பல் ஏறினேன். இரவு பத்தரை வாக்கில் ஷார்வொய் என்ற சின்னத் துறை. வெயில் பளீரென்று அடிக்கிறது, ஜூன் மாதம் இங்கே சூரியன் மறைவதில்லை. ஃப்ராம் 1896 ஆகஸ்ட் 20 அதிகாலை வந்து நின்ற இடம் இது. நான்சென் போன பிறகு கப்பலை நடத்தியவர் ஓட்டோ ஸ்வெர்ட்ரூப், அதிகம் பேசாத மனிதர். வெடி வைத்துப் பனியைப் பிளந்து, ஆகஸ்ட் 13 அன்று திறந்த கடலுக்கு வந்து, வழியில் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில் நான்சென் பற்றி விசாரித்து, தகவல் இல்லை என்றதும் அதே கவலையோடு இங்கே வந்து, தந்தி அலுவலகத்தைத் தட்டி எழுப்பியிருக்கிறார். தூக்கத்திலிருந்து எழுந்த தந்திக்காரர் சொன்ன செய்தி: நான்சென் ஒரு வாரத்துக்கு முன்பே வர்தோவில் கரையேறிவிட்டார். அவர் கரையேறிய நாளும் ஆகஸ்ட் 13.

வெள்ளி, கப்பலில்

இன்று முழுக்கக் கடல். மொட்டைப் பாறைகள், மரம் என்று ஒன்று கண்ணில் படவில்லை. வலப்பக்கம் உள்ளே தள்ளி இருப்பது பின்மார்க், வட ஸ்காண்டிநேவியாவின் பழங்குடிகளான சாமி மக்களின் நாடு. கிரீன்லாந்தை நான்சென்னோடு கடந்த ஐந்து பேரில் சாமுவேல் பால்டோ, ஓலே ரவ்னா இரண்டு பேரும் இங்கே கராஷோக் ஊர் சாமிகள். அந்தப் பயணத்தில் நான்சென் எடுத்த முடிவு எல்லோருக்கும் தெரிந்தது: மக்கள் இருக்கும் மேற்குக் கரையிலிருந்து தொடங்காமல், யாரும் இல்லாத கிழக்குக் கரையில் இறங்கி மேற்கே நடந்தார், திரும்பினால் சாவு, அதனால் திரும்பும் எண்ணமே வராது. மேலாண்மை வகுப்புகளில் இதை இன்றும் தைரியம் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். சம்பளத்துக்கு வந்த இரண்டு பேரின் திரும்பும் வழியையும் சேர்த்து அடைத்த தைரியம் அது. ரவ்னாவுக்கு வீட்டில் மனைவி, பிள்ளைகள், வழியெல்லாம் செத்துப்போவோம் என்றே பயந்துகொண்டிருந்தார். அக்டோபரில் போய்ச் சேர்ந்தார்கள், கடைசிக் கப்பல் போய்விட்டதால் குளிர்காலம் முழுக்க அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. பால்டோ பிற்பாடு அலாஸ்காவுக்குப் போய்விட்டார். 1925இல் நோம் ஊருக்கு மருந்து கொண்டுபோன புகழ்பெற்ற நாய்க்கு அவர் பெயர்தான்.

ஃப்ராமிலிருந்து கிளம்பிய நடையில் நான்சென் செய்தது இதற்கு நேர் எதிர், அதனால்தான் எனக்கு அவரை அங்கே பிடிக்கும். 1895 ஏப்ரல் 8, 86 டிகிரி 14 நிமிடம், அதுவரை மனிதன் போனதிலேயே வடக்கு. எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் குவிந்து கிடக்கும் பனிக்கட்டிகள், அதோடு அடியில் இருக்கும் பனியே தெற்கே நகர்கிறது, நடக்க நடக்கப் பின்னால் போகிறார்கள். இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்று தோன்றாத தலைவர் குறைவு. திரும்பிவிட்டார். திரும்பிய சில நாளில் இருவருமே கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மறந்தார்கள், நின்றுபோனது, சரியான நேரம் இல்லாமல் தீர்க்கரேகை இல்லை, எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் மாதக்கணக்கில் தெற்கே நடந்தார்கள். நாய்களை ஒவ்வொன்றாகக் கொன்று மற்ற நாய்களுக்குப் போட்டார்கள். கடைசி இரண்டை, மனசு வராமல், அவர் நாயை இவரும் இவர் நாயை அவருமாகச் சுட்டார்கள்.

குளிர்காலத்தை ஃபிரான்ஸ் ஜோசப் தீவுகளில் ஒரு குழியில் கழித்தார்கள், கல் சுவர், வால்ரஸ் தோல் கூரை, சாப்பாடு கரடிக் கறி, விளக்குக்குக் கொழுப்பு, ஒரு நாளில் இருபது மணி நேரம் வரை தூக்கம். ஒன்பது மாதம் முடிந்து ஊர் திரும்பும் வழியில் எடை பார்த்தால் நான்சென் பத்துக் கிலோ, யோஹான்சென் ஆறு கிலோ கூடியிருந்தார்கள். துருவத்துக்குப் போய்க் குண்டாகித் திரும்பியவர்கள் வேறு யாரும் எனக்குத் தெரிந்து இல்லை.

யோஹான்சென் கதைதான் மனசை அறுக்கும். ஃப்ராமில் இடம் வேண்டும் என்று கொதிகலனுக்குக் கரி போடுகிறவராகச் சேர்ந்தவர், ஒருமுறை கரடி தன்மேல் ஏறி நிற்க, கொஞ்சம் சீக்கிரம் சுட்டால் நல்லது என்று மரியாதையாகச் சொன்னவர். பிற்பாடு குடி, கடன். அமுண்ட்சென் தென்துருவம் போனபோது அவரும் போனார், தலைவர் தன் ஆட்களைப் பின்னால் விட்டுவிட்டு ஓடிவந்ததை நேருக்கு நேர் கண்டித்ததால் துருவக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். 1913 ஜனவரியில் ஓஸ்லோவில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார்.

சனி, வர்தோ

கிர்கனெஸில் கப்பல் திரும்பி, மதியத்துக்கு மேல் வர்தோவில் ஒரு மணி நேரம் போல நின்றது. நார்வேயின் கிழக்கு முனைத் தீவு. ஜூன் கடைசி, கம்பளிக் குல்லாய் இல்லாமல் நிற்க முடியவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் இந்தப் பகுதியில் சூனியக்காரர்கள் என்று சொல்லிக் கொல்லப்பட்ட 91 பேருக்குக் கடலோரமாக நினைவிடம் இருக்கிறது, நேரம் போதாததால் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு ஓடிவந்தேன்.

இங்கேதான் நான்சென்னும் யோஹான்சென்னும் நாட்டு மண்ணை மிதித்தார்கள். ஃபிரான்ஸ் ஜோசப் தீவில் தற்செயலாக ஜாக்சன் என்ற ஆங்கிலேயரைப் பார்த்து, அவருடைய கப்பலில் வந்தார்கள். ஊரில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. தங்களைக் கவனித்தது நடுத்தெருவில் நின்று ஆச்சரியமாகப் பார்த்த ஒரு பசுமாடு மட்டும்தான் என்று நான்சென்னே எழுதியிருக்கிறார். தந்தி அலுவலகத்தில் ஒரு கட்டுத் தந்திகளை வைத்தபோதுகூட அந்த ஊழியர் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

அப்புறம் ஒன்று நடந்தது, சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம். நீரோட்டம் இருக்க வேண்டும் என்று முதலில் சொன்ன பேராசிரியர் மோன் அன்று அதே ஊரில் விடுதியில் தங்கியிருந்தார். நான்சென் கதவைத் தட்டிவிட்டு உள்ளே நுழைந்தபோது அந்த மனிதர் சோபாவில் சாய்ந்து நீளக் குழாயில் புகை பிடித்துக்கொண்டே படித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் விட்டுவிட்டார். ஃப்ராமின் வானிலைக் கணக்குகள் அத்தனையையும் பிற்பாடு உட்கார்ந்து ஆராய்ந்து எழுதியதும் அவர்தான். பயணத்தின் அறிவியல் முடிவுகள் ஆறு தொகுதிகளாக வந்தன.

ஓஸ்லோ நண்பருக்குத் துறைமுகப் படம் அனுப்பினேன். "உப்பிடியான இடத்திலைதான் மீன் வெட்டினனாங்கள். குளிர் எப்பிடி?" என்று பதில் வந்தது.

ஞாயிறு, ஹாமர்ஃபெஸ்ட்

காலையில் இறங்கி ஃபூக்லெனெஸ் பக்கம் நடந்தேன், அங்கே ஒரு தூண் இருக்கிறது, ஸ்ட்ரூவே நில அளவை வளைவின் வடமுனை. இங்கிருந்து கருங்கடல் வரை, 1816 முதல் 1855 வரை, முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டே போயிருக்கிறார்கள், பூமியின் வடிவம் தெரிய வேண்டும் என்பதற்காக. சொன்னேனே, எனக்குப் பிடித்த ரகம்.

நான்சென் 1896 ஆகஸ்ட் 20 அன்று இந்த ஊரில் இருந்தார். ஏவா வந்து சேர்ந்துவிட்டார், ஊரே விழா, ஆனால் ஃப்ராம் பற்றி மட்டும் செய்தி இல்லை. தான் விட்டுவந்த பதினொரு பேர் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் வாழ்த்துகளை வாங்கிக்கொண்டிருந்தார். அன்று காலை தந்தி வந்தது, கப்பல் நல்ல நிலையில் வந்து சேர்ந்தது, எல்லோரும் நலம், ட்ரொம்சோ கிளம்புகிறோம், ஊர் வந்ததற்கு வாழ்த்துகள், ஓட்டோ ஸ்வெர்ட்ரூப். மறுநாள் ட்ரொம்சோவில் பதின்மூன்று பேரும் ஒன்றாக நின்றார்கள்.

ஸ்வெர்ட்ரூப் அந்தத் தந்தியில் சொல்லாதது ஒன்று உண்டு. நான்சென் நாய்களைக் கொன்று, கடிகாரத்தை நிற்கவிட்டு, உயிரைப் பணயம் வைத்துத் தொட்டது 86 டிகிரி 14 நிமிடம். கப்பல் தன்பாட்டுக்கு நகர்ந்து, ஸ்காட் ஹான்சென் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதிக்கொண்டிருக்க, அந்த நவம்பரிலேயே 85 டிகிரி 55 நிமிடத்தைத் தாண்டிவிட்டது. வித்தியாசம் சுமார் 35 கிலோமீட்டர்தான்.